கேட்டியா மாதம்மா

நீங்கள் கேட்டது முன்னுரை. "மேடம், முனியப்பன் கவிதைகள் மறுபதிப்பு வருகிறது. கவிஞரின் தனிமையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள். அப்படியே பதிப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் எங்களுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள். கூடவே கைகூப்புகிற பொம்மை இரண்டு. சந்தோஷம். முப்பத்தோரு வருஷம் தர்மபுரியில் அதே மாடியில், அதே சன்னலோரம் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைத் திருத்தியவளுக்கு அந்தப் பொம்மையாவது கிடைத்ததே!

முன்னுரை எனக்கு வரவில்லை. நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். வந்தது இதுதான். போடுவதானால் போடுங்கள், இல்லாவிட்டால் படித்துவிட்டாவது தூக்கி எறியுங்கள்.

திருத்துவது எப்படி என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது, பாதியைக் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது. எங்கே கை வைக்கக் கூடாது என்பதுதான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் ஒருவர் செத்துப்போன தன் தாயைப் பற்றி எழுதிய நீண்ட பாட்டில் எட்டு வரியை அச்சில் விட்டுவிட்டேன். புத்தகம் கைக்குப் போன மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார் மனுஷர். மேசைமேல் புத்தகத்தை அறைந்தார். "எங்கம்மாவ பாதி வழியில வுட்டுட்டியேம்மா!" என்று கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விட்டுப்போன எட்டு வரியைச் சீட்டாக அடித்து, பசை காய்ச்சி, பிரதி பிரதியாக நானே ஒட்டினேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பிரதி முடிந்ததும், "வுடும்மா, சரியாப் போச்சு" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். தெரியாமல் விட்ட பிழைக்கு ஒட்டுச் சீட்டு உண்டு. அந்த ஒரு தைரியத்தில்தான் அடுத்த இருபது வருஷத்தை ஓட்டினேன்.

எனக்கு வேலை காட்டிய ஆசிரியரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் படம்தானே உங்கள் அறையில் மாலையோடு தொங்குகிறது. பச்சை மைப் பேனாவும் அவர் கொடுத்ததுதான். "கவிதை சின்ன அறை. ரெண்டு பேர் இருக்கலாம், எழுதுறவன், படிக்கிறவன். மூணாவதா யாராச்சும் நுழைஞ்சா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளு" என்பார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நானும் எத்தனையோ பேரைத் தள்ளினேன். இன்று அவர் இல்லை, பழியை அவர் தலையில் போடுவது சுலபம். போட மாட்டேன். தள்ளிய கை என்னுடையது.

முனியப்பனுக்கு வருகிறேன். மொரப்பூர்ப் பக்கத்து ரயில் பாதையில் அவர் கீமேன். தினமும் சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு, தனக்கு ஒதுக்கிய பாதை முழுக்க நடந்தே பார்த்து, தண்டவாளத்தைக் கவ்வியிருக்கும் இரும்புச் சாவிகள் தளர்ந்திருந்தால் அடித்து இறுக்கும் வேலை. துணைக்கு ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் கரடு, மாந்தோப்பு, குச்சிக்கிழங்குக் காடு, வற்றிய ஏரி. வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் மலை தெரியும். எப்போதாவது பாதையில் யாராவது அடிபட்டுக் கிடப்பார்கள். முதலில் பார்க்கிறவர் கீமேனாகத்தான் இருக்கும்.

அவரே ஒருநாள் மாடியேறி வந்தார். ஒல்லியான ஆள், வெயிலில் காய்ந்த முகம். குரல் அப்போதே கரகரவென்றுதான் இருந்தது. மூன்று நீளமான நோட்டுகளை மேசைமேல் வைத்தார்.

"படிச்சுப் பாருங்கம்மா. புடிக்கலன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கறேன். போஸ்ட்ல மட்டும் அனுப்பிடாதீங்க, தொலஞ்சிடும்."

"எப்போ எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

"நடக்கறப்ப மனசுல வருமுங்க. வூட்டுக்குப் போயி கால் கழுவிட்டு அவகிட்ட சொல்லுவேன். அவ புளி தட்டிக்கிட்டோ கடலக்கா உரிச்சிக்கிட்டோ உக்காந்திருப்பா. உம் கொட்டுனான்னா நோட்டுல எழுதிப்பேன். கொட்டலன்னா வுட்டுருவேன்."

"யாரு, உங்க வீட்டுக்காரம்மாவா? அவங்க படிச்சவங்களா?"

"எழுத்து தெரியாதுங்க. காது தெரியும்" என்று சிரித்தார்.

இதை நான் என் காதாலேயே கேட்டேன். பிறகு ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை என்று சாதிக்க முடியாது பாருங்கள், அதற்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

நோட்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். சோறு வைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. இப்படி இருந்தன:

ஏரி வத்திப் போச்சு.
கொக்கு ஒண்ணு மட்டும்
நின்ன எடத்துலயே நிக்குது.
தண்ணி இருந்த நெனப்புலயா,
போற எடம் தெரியாமயா.
கேட்டியா மாதம்மா.

அடிபட்டுக் கிடந்த ஒருவரைப் பற்றி ஒன்று:

யாரு வூட்டு மனுசனோ.
துண்டை எடுத்து மூடிட்டு
ரெண்டு வண்டி போற மட்டும்
பக்கத்துலயே நின்னேன்.
ஆளுங்க வர்றதுக்குள்ள
வெயில் அவர் காலுக்கு வந்துச்சு,
நான் நகந்து நெழலா நின்னேன்.
கேட்டியா மாதம்மா.

நாற்பத்தோரு கவிதைகளைத் தேர்ந்தெடுத்தேன். நாற்பத்தொன்றும் அதே வரியில் முடிந்தன. 'கேட்டியா மாதம்மா.' அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். களி கிண்டுகிற பெயர், தண்ணீர்க் குழாயடியில் கூப்பிடுகிற பெயர். மலையும் பாறையும் சாவுமாக நிற்கிற கவிதையின் அடியில் அது வந்து உட்கார்ந்தால் எனக்கு உறுத்தியது. பெரிய வெட்டவெளிக்கு நம்மை அழைத்துப்போய் நிறுத்திவிட்டு, சட்டென்று அடுப்படிக்குக் கூட்டி வருகிறாரே என்று எரிச்சல்.

பச்சைப் பேனாவை எடுத்தேன். முதல் கவிதையில் வெட்டும்போது கை தயங்கியது உண்மை. பத்தாவதில் தயங்கவில்லை. நாற்பதாவதில் ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வெட்டினேன். 'நாம' என்று வந்த இடத்தையெல்லாம் 'நான்' ஆக்கினேன். அடேயப்பா, என்ன அழகு வந்துவிட்டது தெரியுமா! ஒரு மனிதன், ஒரு பாதை, மேலே வானம். மனித வாடையே இல்லை. எனக்கே புல்லரித்தது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அப்போது என் அம்மா போய் மூன்று வருஷம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு டம்ளர் அரிசி வைத்து இரண்டு வேளை ஓட்டுகிறவள். பகல் முழுக்க என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன் என்று சாயங்காலம் சொல்ல எனக்கு ஆள் இல்லை, என்னிடம் வந்து சொல்லவும் ஆள் இல்லை. இன்னொருத்திக்கு இருக்கிறது, அதுவும் எழுத்துத் தெரியாத ஒருத்திக்கு, அதுவும் நாற்பத்தோரு தடவை! அது என் கண்ணைக் குத்தியது. அன்று இதைத் தரம், செறிவு, அமைதி என்றெல்லாம் சொல்லிக்கொண்டேன். பொறாமை என்று சொல்ல ஏழு வருஷம் ஆயிற்று.

பக்கங்கள் தயாராகிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தொண்டையில் கட்டி என்று செய்தி வந்தது. சேலத்தில் சேர்த்தார்கள். அறுத்தார்கள். பேச்சு போய்விட்டது. பிறகு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நாள்தான் கணக்கு என்றார் ஓசூரிலிருந்து போன் செய்த அவர் மகன். "புத்தகத்த அப்பா கையில குடுத்துடணும் மேடம், அது ஒண்ணுதான் கேக்கறாரு." அச்சகத்தில் பிளேட் போடக் காத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் சரி என்று சொன்னால் வார முடிவில் புத்தகம். நான் கடைசிப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மொரப்பூர் பஸ் ஏறினேன்.

ஊரை விட்டுத் தள்ளி ஓட்டு வீடு. கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பாதி ஆளாகியிருந்தார். தலைமாட்டில் பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு ஒன்றும் பலப்பமும். மாதம்மாவை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். "வாங்கம்மா, வாங்க, வெயில்ல வந்திருக்கறீங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மோர் கொண்டுவர உள்ளே போனார்.

முனியப்பன் பக்கங்களைப் புரட்டினார். முதல் பக்கத்தில் நின்றார். அடுத்த பக்கம். அதற்கு அடுத்தது. பிறகு வேகமாகக் கடைசிவரை புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். சிலேட்டை எடுத்து எழுதினார்.

'மாதம்மா எங்க?'

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். "ஐயா, ஒரே வரி நாற்பத்தோரு தடவை வந்தா படிக்கிறவங்க சிரிச்சிடுவாங்க. அந்த வரி இல்லாமலே கவிதை நிக்குது. இன்னும் உயரமா நிக்குது. என்னை நம்புங்க. மறுபடியும் எல்லாப் பக்கத்தையும் மாத்தணும்னா ரெண்டு நாள் வேலை, அச்சகத்துக்காரன் அடுத்த வேலைக்குப் போயிடுவான். அப்புறம்..." என்று நிறுத்தினேன். அப்புறம் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பதை என் வாய் சொல்லவில்லை. முகம் சொல்லியிருக்கும்.

இரண்டு நாள் வேலை என்றது பொய். அரை நாள் வேலை. எனக்குத் தெரியும்.

அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். பனியன் நுனியால் சிலேட்டைத் துடைத்துவிட்டு எழுதினார்.

'நீங்க படிச்சவங்க. பாத்து செய்யுங்க.'

அந்த நேரம் பார்த்து மாதம்மா மோரோடு வந்தார். சிலேட்டையும் என்னையும் பார்த்தார். "என்னாங்க எழுதியிருக்காரு?" என்றார் ஆசையாக. அவருக்கு எழுத்துத் தெரியாது. முனியப்பனுக்குப் பேச்சு வராது. நடுவில் நான் ஒருத்திதான்.

"புத்தகம் நல்லா வந்திருக்குன்னு எழுதியிருக்கார்மா" என்றேன்.

மாதம்மாவின் முகம் மலர்ந்ததே, அதை மறக்க முடியவில்லை. "அப்பிடிங்களா!" என்று புருஷனின் நெற்றியைத் தடவினார். முனியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். நான் மோரைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, சீரகம் போட்டு.

புத்தகம் வந்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினார். அட்டையைத் தடவினார். திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து மொரப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். மாதம்மாவை முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பேராசிரியர் அருமையாகப் பேசினார். "இந்தக் கவிதைகளில் இரண்டாவது மனிதரே கிடையாது. மலை இருக்கிறது, மரணம் இருக்கிறது, அவற்றின் முன் தன்னந்தனியாக ஒருவன் நிற்கிறான்" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு படிக்க ஆரம்பித்தார்.

ஏரிக் கவிதையைப் படித்தார். 'போற எடம் தெரியாமயா' என்று முடித்து நிறுத்தினார். பக்கத்தில் மாதம்மா லேசாக வாயைத் திறந்தபடி காத்திருந்தார். பேராசிரியர் அடுத்த கவிதைக்குப் போனார். அதற்கும் மாதம்மா காத்திருந்தார். மூன்றாவது முடிந்ததும் என் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, முழுசாப் படிக்க மாட்டாருங்களா?"

"முழுசாத்தான் படிச்சார்."

"கடேசியில ஒண்ணு வரணுமுங்களே."

நான் மேடையைப் பார்த்துக்கொண்டே, "அது புத்தகத்துல இல்லம்மா" என்றேன்.

"ஏனுங்க? எழுதி வெச்சாரே. எங்கிட்ட சொல்லிட்டுத்தானே எழுதுவாரு."

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் நில்லுங்கள். இது ஒரு நொடி. 'நான்தான் வெட்டினேன்' என்று இரண்டு சொல் போதும். பின்னால் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் என்னைப் பற்றி, 'செறிவாகத் தொகுத்த பதிப்பாசிரியர்' என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள். இந்த அம்மா எழுந்து கத்தினால்? பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் மாதிரி அறைந்தால்? நான் பயந்தேன். பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கடைசியில அவரே எடுத்துட்டார்மா."

"அவரேவா?"

"ஆமா."

மேடைப் பக்கம் திரும்பினார். பிறகு, "அன்னிக்கு நீங்க வந்தப்ப சிலேட்டுல எழுதுனாரே, அது இதானுங்களா?" என்று கேட்டார்.

என் முதல் பொய்யை எடுத்து என் இரண்டாவது பொய்க்கு அவரே முட்டுக்கொடுத்தார். நான் செய்ய வேண்டியதெல்லாம் தலையாட்டுவதுதான். ஆட்டினேன்.

"சரிங்க" என்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மேடைக்குக் கூப்பிட்டு முதல் பிரதியைக் கொடுத்தபோது வாங்கினார், கும்பிட்டார். சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார். மண்டபத்தைக் கூட்ட வந்த பெண் என்னிடம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அந்தம்மா சேர்லயே வெச்சிட்டுப் போய்ட்டாங்க மேடம்."

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மதிப்புரை வந்தது. தனிமையின் கவிஞர் என்று பெயர் வந்தது. தனியாக இருக்கிற பிள்ளைகளெல்லாம் அந்த வரிகளைப் போனில் போட்டுப் பகிர்ந்தார்கள். எனக்கு எத்தனை பாராட்டு! ஒவ்வொரு பாராட்டும் முள் மாதிரி தைத்தது என்று எழுத ஆசைதான். தைக்கவில்லை. முதல் இரண்டு வருஷம் நன்றாகவே இனித்தது. பிறகுதான் கசந்தது. ஒரு மனுஷனுக்குத் தன் பொண்டாட்டியோடு இருந்த பேச்சை அறுத்துவிட்டு, அதற்குத் தனிமை என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தத் தனிமை அவருடையது இல்லை. என்னுடையது. என் சொத்தை அவர் பெயரில் எழுதி வைத்துவிட்டேன்.

மூன்று நோட்டுகளும் என் பீரோவில்தான் கிடந்தன. போஸ்ட்டில் அனுப்பக் கூடாதென்று சொல்லியிருந்தார். நேரில் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குக் கால் வரவில்லை. ஆவணமாகப் பாதுகாக்கிறேன் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டேன். கேட்பாரில்லை.

போன மாதம் உங்கள் வாட்ஸ்அப் வந்தது. 'கவிஞரின் தனிமை.' அந்த வார்த்தையைப் பார்த்ததும் நோட்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மொரப்பூர் பஸ் ஏறினேன்.

அதே வீடு. மாதம்மா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்கம்மா" என்றார். நாற்காலியைத் துடைக்கவில்லை. உள்ளே சுவரில் மாமனார் படம் இருந்தது, மாமியார் படம் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆணி மட்டும் இருந்தது.

"அவர் படம்?" என்றேன்.

"பொட்டியில கெடக்குதுங்க."

உட்கார்ந்து சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வரியை நான் வெட்டியது, சிலேட்டில் 'மாதம்மா எங்க' என்று அவர் கேட்டது, நான் மாற்றிச் சொன்னது, மண்டபத்தில் சொன்னது. ஒரு இடத்தில் அழுகை வந்தது. "அழுவாதீங்க, சொல்லி முடிங்க" என்றார். அவர் கை கடலை உரிப்பதை நிறுத்தவே இல்லை.

முடித்தேன். முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏழு வருசமுங்க. அமாவாசைக்கு ஒரு வெளக்கு ஏத்தல நான். காக்காய்க்கு ஒரு கை சோறு வெக்கல. மவன் ஓசூருல இருந்து வந்து, ஏம்மா அப்பாவுக்குக் கும்புடலியான்னு சண்ட புடிப்பான். அவருக்கு நான் வேணாம்னா எனக்கு எதுக்குடா அவருன்னுட்டேன். சாவுற வரைக்கும் பக்கத்துலயே கெடந்து பீ மூத்திரம் அள்ளுனவள, கடேசி நேரத்துல பேர எடுத்து எறிஞ்சிட்டுப் போனானே மனுசன்னு... தெனமும் திட்டுனேனுங்க. தெனமும். பாவி, செத்தவனத் திட்டுனேன்."

நான் தரையில் கிடந்த கடலைத் தோலைப் பொறுக்கினேன்.

"நான் உங்களுக்கு என்னாங்க பண்ணேன்?" என்றார். குரல் உயரவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பதில் எனக்குத் தெரியும். மேலே உங்களுக்கு எழுதியிருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. பேச்சை மாற்றுகிறவளைப் போல நோட்டைத் திறந்தேன். படித்துக் காட்டினால் கொஞ்சமாவது ஆறுமென்று ஒரு நினைப்பு. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற நினைப்பு. மலைக் கவிதையை எடுத்தேன்.

மலைமேல மேகம் குந்தியிருக்கு.
எறங்கி வரும்னு
நாலு நாளாப் பாக்குறேன்.
வராது போலிருக்கு.
நாமதான் ஒருநாள்
ஏறிப் போவணும்.
கேட்டியா மாதம்மா.

நிறுத்தினேன். காத்திருந்தேன். ஆமாம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த 'உம்'முக்காகக் காத்திருந்தேன். வாசலில் ஒரு கோழி கடலைத் தோலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"நீங்க கேட்டா உம் கொட்ட மாட்டேனுங்க" என்றார் மாதம்மா. "அது அவரு கேட்டது. நோட்ட வெச்சிட்டுப் போங்க."

"உங்களுக்குப் படிக்க..." என்று இழுத்தேன்.

"எழுத்து தெரியாதுங்க. எம்பேரு எங்க இருக்குதுன்னு தெரியும்."

நோட்டை என் கையிலிருந்து வாங்கி முந்தானையால் துடைத்தார். மடியில் வைத்து முதல் பக்கத்தைத் திறந்தார். எழுத்துமேல் விரலை வைத்து மெல்லக் கீழே இறக்கினார். கடைசி வரியில் நிறுத்தினார். "தோ" என்றார். பக்கத்தைத் திருப்பினார். "தோ." இன்னொன்று. "தோ." பக்கம் பக்கமாகத் தன்னைத் தொட்டுக்கொண்டே போனார். நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்தில் விரோதி வந்து போனாலும் 'போய்ட்டு வாங்க' என்று சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். அவர் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் உங்களில் ஒருவருக்குப் போன் செய்தேன். புதுப் பதிப்பில் அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்றேன். பெயர் சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், அந்தத் தனிமைக்காகத்தான் இந்தப் புத்தகத்தை வாங்குகிறார்கள். ஒரே வரி நாற்பத்தோரு தடவை வந்தால் வாசகர் சிரித்துவிடுவார்கள். இப்போது எல்லாப் பக்கத்தையும் மாற்றுவதென்றால் ரெண்டு நாள் வேலை மேடம்" என்றார்.

கையெழுத்துப் பிரதி இப்போது என்னிடம் இல்லை. போய்ப் பிடுங்கி வரவும் மாட்டேன். நீங்களும் போக வேண்டாம். தேவையும் இல்லை, எல்லாக் கவிதைக்கும் ஒரே வரிதான், எங்கே வரும் என்பதும் உங்களுக்கு இப்போது தெரியும். 'நான்' என்று நான் மாற்றிய ஏழு இடத்தை 'நாம' ஆக்க வேண்டும். பக்க எண்ணை இதோடு தனித் தாளில் வைத்திருக்கிறேன். சேர்க்க மனமில்லை என்றால் அது உங்கள் இஷ்டம். அப்போது உள்பக்கத்தில் பதிப்பாசிரியர் என்று போட்டிருக்கும் என் பெயரையாவது எடுத்துவிடுங்கள். ஒரு பெயரை எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை, நான் செய்திருக்கிறேன்.

சேர்ப்பதும் கஷ்டமில்லை. இரண்டு நாளெல்லாம் ஆகாது, தம்பி. அரை நாள் வேலை.